இராவணனுக்குக் குரல் கொடுத்தவர்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பிகள், "ஐயா, இந்த வருஷமும் சிலப்பதிகாரம்தானா?" என்று கேட்டார்கள். இல்லப்பா, இந்த முறை சினிமாப் பாட்டு என்றேன். சிரித்துக்கொண்டே போனார்கள். சினிமாப் பாட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நம் மும்பையிலேயே இருக்கும் ஒரு கட்டடத்தை நினைவுபடுத்த வேண்டும்.

குர்லாவில் ரயில் ஏறி, தாதரில் வண்டி மாறி, சர்னி ரோடில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் ராயல் ஓபரா ஹவுஸ் இருக்கிறது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பம்பாய் வந்தபோது திறந்து வைத்தது. பிறகு அங்கே மராத்தி சங்கீத நாடகம் நடந்தது, பால கந்தர்வர் பாடினார், பிருத்விராஜ் கபூர் நடித்தார், சினிமாவும் ஓடியது. 1993-இல் மூடினார்கள். 2016-இல் புதுப்பித்துத் திறந்தபோது இதே ஊரில் பிறந்த பட்ரிஷியா ரொசாரியோ என்ற பாடகி பாடினார். ஓபரா என்றால் வேறொன்றும் இல்லை. பாட்டாலேயே கதையை நடத்திச் செல்லும் நாடகம். நம் ஊரில் வள்ளித் திருமணமும் பவளக்கொடியும் விடிய விடியப் பாடி நடிக்கவில்லையா, அந்த இனம்தான்.

ஓபராவில் குரலுக்குக் குரல் பெயர் உண்டு. பெண்களில் மேல் குரல் சோப்ரானோ. ஆண்களில் மேல் குரல் டெனர், அடிக் குரல் பாஸ், இரண்டுக்கும் நடுவில் பாரிடோன். கிரேக்க மொழியில் கனத்த ஒலி என்று பொருள் வரும் சொல்லிலிருந்து வந்த பெயர். காதலன் வேஷம் பெரும்பாலும் டெனருக்குப் போகும். அப்பன், அரசன், வஞ்சகன், தோற்றவன், மனம் உடைந்தவன் எல்லாம் பாரிடோனுக்கு. வெர்டி என்ற இத்தாலிய மேதை 1851-இல் 'ரிகோலெட்டோ' எழுதினார். அதில் நாயகன் ஒரு கூன் விழுந்த அரசவைக் கோமாளி, மகளைப் பறிகொடுக்கும் தகப்பன். அந்த வேஷத்தை முதலில் பாடியவர் ஃபெலீச்சே வரேசி என்ற பாரிடோன். 1847-இல் வெர்டியின் மக்பெத்தாகவும், 1853-இல் 'லா டிராவியாட்டா'வில் காதலனின் தகப்பனாகவும் முதலில் பாடியவர் அவரேதான். பாடகரின் குரலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வெர்டி வேஷம் எழுதினார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பின்னால் இது உதவும்.

இந்தக் கனத்த குரலை நம் கணக்கில் எப்படிச் சொல்வது? ஆர்மோனியம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. முதல் வெள்ளைக் கட்டையை ஸட்ஜமமாக வைத்தால் ஒரு கட்டை சுருதி. ஆண் குரலுக்கு அது ஒரு நொடிக்குச் சுமார் 131 அதிர்வு. நம் சங்கீதத்தில் கீழே மந்தர பஞ்சமம், மேலே தார பஞ்சமம், இதற்குள் பாடினால் கச்சேரிக்குப் போதும். ஒரு கட்டைக்காரனுக்கு மந்தர பஞ்சமம் 98, தார பஞ்சமம் 392. இதை மேல்நாட்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். ஓபரா பாரிடோனுக்கு அவர்கள் வகுத்த எல்லையும் ஏறக்குறைய இதேதான், கீழும் மேலும் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆக, பாரிடோன் என்று அவர்கள் சொல்வது நம் ஒரு கட்டைப் பாடகரை. இதே ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை வைத்துப் பாடுகிறவருக்குத் தார ஸட்ஜமமே 392. அதாவது ஒரு கட்டைக்காரர் மூச்சைப் பிடித்துப் போய் நிற்கிற உச்சியில்தான் ஐந்து கட்டைக்காரரின் மேல் ஸ்தாயி ஆரம்பிக்கிறது. அவர் தார பஞ்சமம் தொட்டால் 587. ஓபரா டெனர்கள் எட்டிப் பிடித்தால் அரங்கமே எழுந்து கை தட்டுகிற உச்ச ஸ்வரம் 523 தான்!

குரல் ஏன் ஒருவருக்குக் கனமாக, ஒருவருக்கு மெல்லியதாக அமைகிறது? எனக்குப் பாத்திர வியாபாரம். கடையில் குடத்தைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். சின்னச் சொம்பு கிணிங் என்கும், பெரிய அண்டா பொம் என்கும். தொண்டைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களுக்கும் அப்படித்தான். நீளமும் தடிப்பும் கூடினால் அதிர்வு குறையும். பையன்களுக்குப் பன்னிரண்டு பதினைந்து வயதுக்குள் மகரக்கட்டு வருகிறதே, அப்போது இந்த நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. அது நோயும் இல்லை, குறையும் இல்லை.

பழந்தமிழர் இதை அறிந்துதான் இசைக்கு மூன்று நிலை வைத்தார்கள்: மெலிவு, சமன், வலிவு. இன்று நாம் மந்தரம், மத்திமம், தாரம் என்பது இதுவே. மூன்றும் சமமான மதிப்புள்ளவை, ஒன்றுக்கு ஒன்று தாழ்வு இல்லை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை பாடும் அழகைத் திருத்தக்கதேவர் சொல்லும்போது, புருவம் ஏறவில்லை, மிடறு வீங்கவில்லை, பல் தெரியவில்லை என்று, இல்லாதவற்றை அடுக்கித்தான் புகழ்கிறார். கத்துவதைப் புகழவே இல்லை. (சரி, சிலப்பதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டுச் சிந்தாமணியைக் கொண்டுவந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அப்படி இருந்த ஊரில் ஏறிய குரலுக்கே பாட்டு என்ற எண்ணம் எப்படி வந்தது? காரணம் மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்தினார். அதைப்போல ஊருக்கு ஊர் பாய்ஸ் கம்பெனிகள். பெண் வேஷம், ஆண் வேஷம் எல்லாம் மகரக்கட்டு வராத பையன்கள். மைக் கிடையாது. கொட்டகைக்குக் கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும். அதனால் நாலு கட்டை, ஐந்து கட்டை. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அந்த வழியில் சிகரம். 1906-இல் பிறந்து 1933-இல் மறைந்தார், இருபத்தேழே வயது. அவர் பாடிய பிறகு தமிழ்நாட்டுக்குக் காது அந்த உயரத்தில் நின்றுவிட்டது. குரல் உடைந்த பையனுக்குக் கம்பெனியில் மதிப்பு இறங்கிவிடும். பாட்டுக்காரன் ராஜபார்ட்டிலிருந்து கூட்டத்தில் ஒருவனாகிவிடுவான்.

ஓபராவிலும் மைக் கிடையாதே, அங்கே கனத்த குரல் எப்படி ஐம்பது அறுபது வாத்தியங்களைத் தாண்டிக் கேட்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் யோஹான் சுந்த்பெர்க் இதை அளந்து பார்த்தார். வாத்தியக் குழுவின் பலமெல்லாம் சுமார் 500 அதிர்வுப் பக்கம் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆண் பாடகரின் குரலில் 3000 அதிர்வுப் பக்கம் ஒரு தனி மினுக்கம் உண்டாகிறது. அந்த இடத்தில் வாத்தியங்கள் மெலிந்திருப்பதால் குரல் அவற்றைத் தாண்டி வந்து காதில் விழுகிறது. அதாவது சுருதியை ஏற்றி அல்ல, தொண்டையின் அடிப்பகுதியை அமைக்கும் விதத்தால். நம் நாடக மேடை சுருதியை ஏற்றியது, அவர்கள் தொண்டையைப் பழக்கினார்கள். அதனால் அவர்களிடம் கனத்த குரலுக்கும் ஒரு வாழ்க்கை கிடைத்தது.

நமக்கு அந்த வாய்ப்பை மைக்கும் பேசும் படமும்தான் கொண்டுவந்தன. மெதுவாகச் சொன்னாலும் கேட்கும் என்று ஆனது. இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார்: இசைச்சித்தர் சிதம்பரம் எஸ். ஜெயராமன்.

1917-இல் சிதம்பரத்தில் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். 1930-களில் படங்களில் நடித்தும் இருக்கிறார். கலைஞர் மு. கருணாநிதியின் முதல் மனைவி பத்மாவதி இவருடைய தங்கை, அந்த வகையில் கலைஞருக்கு மைத்துனர். என் காதுக்குத் தமிழ்த் திரையில் முழுப் பாரிடோன் என்று சொல்லத் தக்கவர் இவர்தான். அடிக் குரலில் வார்த்தை மங்காது. தமிழின் ழகரமும் றகரமும் அந்த ஆழத்திலும் தெளிவாக நிற்கும். கர்நாடக சங்கீதத்தில் நல்ல பயிற்சி இருந்ததால் கமகம் வரும், ஆனால் வித்தை காட்ட வராது.

1952-இல் 'பராசக்தி' வந்தது. சிவாஜி கணேசனுக்கு முதல் படம், வயது இருபத்து நான்கு. பாடிய ஜெயராமனுக்கு முப்பத்தைந்து. இளைஞன் முகத்தில் இவ்வளவு கனத்த குரலா என்று யாருக்கும் உறுத்தவில்லை. ஏனென்றால் குணசேகரன் காதலனாகவா வருகிறான்? பணத்தைப் பறிகொடுத்து, தெருவில் படுத்து, பைத்தியம்போல் நடிப்பவன். காக்கைகளைக் கூப்பிட்டு மனிதனுக்குப் புத்தி சொல்லும் பாட்டில் அந்தக் குரல் நையாண்டியும் செய்யும், அழவும் செய்யும்.

1954-இல் 'ரத்தக்கண்ணீர்'. பாட்டுக்கு இசையும் இவரே. தொழுநோய் பிடித்த மோகன், எம்.ஆர். ராதா. 'குற்றம் புரிந்தவன்' பாட்டில் ஜெயராமன் பாடப் பாட, நடுநடுவே ராதா தன் குரலில் பேசுவார். கேட்டுப் பாருங்கள். ராதாவின் கரகரத்த பேச்சும் ஜெயராமனின் பாட்டும் ஒரே மனிதனின் வெளிக் குரலும் உள் குரலும்போல இருக்கும். ஐந்து கட்டைக் குரலை அங்கே வைத்தால் படமே கெட்டிருக்கும். ரிகோலெட்டோவுக்கு வெர்டி ஏன் பாரிடோனைத் தேர்ந்தெடுத்தார் என்பது இந்தப் பாட்டைக் கேட்ட தமிழனுக்குப் புத்தகம் படிக்காமலே விளங்கும்.

அதே 1954-இல்தான் இன்னொன்றும் நடந்தது. 'தூக்குத் தூக்கி' படத்துக்கு ஜி. ராமநாதன் இசை. சிவாஜி தமக்கு ஜெயராமனே பாட வேண்டும் என்று விரும்பினாராம். புதியவரான டி.எம். சௌந்தரராஜன், மூன்று பாட்டுப் பாடிக் காட்டுகிறேன், பிடிக்கவில்லை என்றால் போய்விடுகிறேன் என்றாராம். இது டி.எம்.எஸ். அவர்களே பல மேடைகளில் சொன்ன கதை. பாடினார், பிடித்துப்போனது. அதற்கப்புறம் சிவாஜி என்றால் டி.எம்.எஸ். என்றே ஆனது. டி.எம்.எஸ். பெரிய பாடகர், அதில் எனக்கு மறுப்பில்லை, அவர் பாட்டைக் கேட்காமல் நான் கடை திறந்த நாள் குறைவு. ஆனால் ஜெயராமனின் குரல் உச்சிக்கு வந்த அதே வருஷத்தில்தான் அவருக்குக் கதவும் பாதி சாத்தப்பட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அடுத்தடுத்த வருஷங்களில் எண்ணிக்கை குறைந்தாலும் தரம் ஏறியது. 1957-இல் 'புதையல்' படத்தில் பி. சுசீலாவோடு 'விண்ணோடும் முகிலோடும்'. கனத்த குரல் காதலுக்கு ஆகாது என்பவர்களுக்கு அந்த ஒரு பாட்டே பதில். 1960-இல் மட்டும் 'தெய்வப்பிறவி', 'பாவை விளக்கு', 'களத்தூர் கண்ணம்மா' மூன்றிலும் இவர் பாட்டு உண்டு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1958-இல் வந்த 'சம்பூர்ண ராமாயணம்'. கே. சோமு இயக்கம், கே.வி. மகாதேவன் இசை, மருதகாசி பாட்டு. இராமனாக என்.டி. ராமராவ், பரதனாக சிவாஜி, இராவணனாக டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. பகவதி. இராவணன் அவையில் பொழுதுக்கும் சுவைக்கும் உரிய ராகங்களைக் கேட்கக் கேட்க, ஜெயராமன் அந்தந்த ராகத்திலேயே விடை பாடுவார். பூபாளத்திலிருந்து காம்போதி வரை ஒரு சங்கீதப் பாடமே நடக்கும். எங்கள் சமண மரபில் இராவணன் அரக்கன் இல்லை. விமலசூரி பிராகிருதத்தில் செய்த இராமகாதையில் அவன் வித்தியாதர அரசன், அருகனைத் தொழுகிறவன், வீணையின் நரம்பு அறுந்தபோது தன் உடல் நரம்பையே எடுத்துக் கட்டி வாசித்தவன். சைவர்களும் இதே கதையைச் சாமகானத்தோடு சொல்கிறார்கள். ஆக யார் சொன்னாலும் அவன் பெரிய பாடகன். அவனுக்குப் பாட ஆள் தேடிய மகாதேவன் சரியான இடத்துக்குத்தான் வந்தார்.

அப்புறம் போர். முதல் நாள் தோற்று, ஆயுதம் இல்லாமல் நின்றவனை, இன்று போய் நாளை வா என்று இராமன் அனுப்பிவிடுகிறான். கொல்லாமல் விட்டதுதான் அவனைக் கொன்றது. அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு அரண்மனைக்குத் திரும்பும் இராவணனுக்குத் திலங் ராகத்தில் அந்தப் பாட்டு. ரிஷபமும் தைவதமும் இல்லாத ஐந்து ஸ்வர ராகம், பொதுவாக இனிமைக்கும் லேசான பக்திக்கும் எடுப்பது. இங்கே அது தோல்விக்கு வந்திருக்கிறது. பாடுகிறவர் ஓலமிடவில்லை, தேம்பவில்லை. இராமன் சொன்ன வார்த்தையைத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறான், எச்சிலை விழுங்குவதுபோல. அந்தக் குரலில் அரசனும் இருக்கிறான், தோற்றவனும் இருக்கிறான். மெலிவு என்று நம் முன்னோர் அடி ஸ்தாயிக்குப் பெயர் வைத்ததன் பொருள் எனக்கு இந்தப் பாட்டில்தான் புரிந்தது.

இவ்வளவு திறமை இருந்தும் பாட்டு ஏன் குறைந்தது? எனக்குத் தோன்றும் காரணம் இரண்டு. ஒன்று, மேல்நாட்டில் குரலுக்கு வேஷம். நம் சினிமாவில் நடிகருக்குக் குரல். இத்தாலியில் 1913-இல் பிறந்த டிட்டோ கோப்பி ஏறக்குறைய ஜெயராமன் காலத்தவர். அவர் ஒரு பாரிடோன். ரிகோலெட்டோ, யாகோ, ஸ்கார்பியா என்று அவருக்கு உரிய வேஷங்கள் நூறு வருஷமாக எழுதி வைக்கப்பட்டிருந்தன. எந்த டெனர் புகழ் பெற்றாலும் அந்த வேஷங்களைப் பறிக்க முடியாது. ஜெயராமனுக்கோ நடிகர் வேறு குரலுக்கு மாறினால் எல்லாம் போயிற்று, அடுத்த இராவணனை யாராவது படமெடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது, ஜோடிப் பாட்டு. ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் ஒரே மெட்டைப் பாட வேண்டும். பாடகிக்கு வசதியான சுருதியில் வைத்தால் கனத்த ஆண் குரல் மேலே திணறும், இல்லாவிட்டால் கீழே அமுங்கும். வருஷத்துக்கு நூறு ஜோடிப் பாட்டு எடுக்கும் தொழிலில் இந்தத் தொல்லையை யார் படுவார்கள்? 1960-க்குப் பிறகு அவர் பாட்டு அருகிவிட்டது. 1995-இல் மறைந்தார்.

கச்சேரி மேடையிலும் ஒருவர் இருந்தார். மாதுங்கா, செம்பூர் பாலக்காட்டு அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே, அதனால் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டு மஞ்சப்ராவில் 1923-இல் பிறந்த எம்.டி. ராமநாதன், டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்ராவில் ஆசிரியர். ஒரு கட்டைக்கும் கீழே இறங்கிய சுருதி, அதற்கேற்ற நிதானம். தூங்கவைக்கிறார் என்று சொன்னவர்களும் உண்டு, அவரே உலகம் என்று கிடந்தவர்களும் உண்டு. தன் தொண்டைக்குத் தக்க காலப் பிரமாணத்தை அவரே அமைத்துக்கொண்டார். 1984-இல் மறைந்தார்.

இதையெல்லாம் நான் ஏன் இந்த மலரில் எழுதுகிறேன் என்றால், நம் வீட்டுப் பையன்களுக்காக. குர்லா, தாராவி, செம்பூர் எங்கே பார்த்தாலும் பாட்டு வகுப்பில் சின்னப் பையன்கள் பத்துப் பேர் இருப்பார்கள், பதினாலு வயதில் ஒருவனும் இருக்க மாட்டான். என் பேரனும் அப்படி நின்றவன்தான். வகுப்பு நடக்கிற இடத்தில் சுருதி ஐந்து கட்டை, பெண் பிள்ளைகளுக்குப் பொருந்துவது. குரல் உடைந்த பிறகு அவனால் ஒட்ட முடியவில்லை. "உனக்கு இனிப் பாட்டு வராது, மிருதங்கம் கத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆசிரியரைக் குறை சொல்லி என்ன, முப்பது பிள்ளைக்கு ஒரு சுருதிப் பெட்டிதானே.

வீட்டில் நான் செய்தது இதுதான். மகரக்கட்டு நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம்போல அவனை உரக்கப் பாடவே விடவில்லை. மெதுவாக முனகட்டும், பாட்டுக் கேட்கட்டும் என்று விட்டேன். குரல் நிலைத்த பிறகு பேசும்போது குரல் எந்தக் கட்டையில் ஒட்டுகிறது என்று ஆர்மோனியத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். ஒரு கட்டைக்கு வந்து நின்றது. அந்தச் சுருதியில் ஸரளி வரிசையை முதலிலிருந்து ஆரம்பித்தோம், கீழே பஞ்சமம் வரை, மேலே காந்தாரத்தோடு நிறுத்தி. மேலே ஏறுவதற்கு ஆறு மாதம் எடுத்தது. அப்புறம் திலங் ராகத்தின் ஆரோகண அவரோகணம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இராவணன் பாட்டைப் போட்டுக் காட்டினேன். "தாத்தா, இவருக்கும் என்னை மாதிரிக் குரல்தானே?" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்புக்குப் பக்கத்து அறை சும்மாதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சங்கம் முன்வந்தால், ஆர்மோனியம் என் கடையிலிருந்து வரும், நானும் வருகிறேன்.